மஸ்க்ரட்டுக்குக் கூண்டு: கட்டலாமா, வாங்கலாமா, விட்டுவிடலாமா?

பண்ணைக் குளத்தின் கரையில் நடக்கும்போது கால் திடீரென்று ஒரு சாண் ஆழத்துக்குப் புதைந்தால், பெரும்பாலும் கீழே மஸ்க்ரட் வளை இருக்கிறது. தண்ணீர் மட்டத்துக்கு அரை அடி, ஒன்றரை அடி கீழே வாசல் வைத்து, அங்கிருந்து மேல்நோக்கிச் சரிவாகத் தோண்டி, கரைக்குள் ஈரம் படாத ஓர் அறை அமைத்துக்கொள்ளும் பிராணி அது. பெருச்சாளி அளவுதான் இருக்கும். எடை ஒன்று, ஒன்றரை கிலோ. ஆனால் கனடா மாதிரிக் குளிர்நாட்டிலேயே ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈத்து, ஒவ்வோர் ஈத்துக்கும் ஐந்தாறு குட்டி என்று பெருகும். மழை வலுத்து நீர்மட்டம் ஏறினால், நனைந்த அறைக்கு மேலே இன்னொன்று தோண்டும். மாடோ டிராக்டரோ மேலே ஏறும்போதுதான் கரைக்குள் எவ்வளவு காலி இடம் இருக்கிறது என்று நமக்குத் தெரியவரும்.

பிடித்துவிடலாம் என்று முடிவு செய்ததும் மனதில் வருவது கூண்டுதான். கடையில் வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) சுருள் கிடைக்கிறது, வீட்டில் கட்டிங் பிளையர் இருக்கிறது, ஒரு சனிக்கிழமை போதும். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் குளத்தோடு நிலம் வாங்கிய நண்பர்கள் என்னிடம் கேட்பதும் இதைத்தான்: நாமே கட்டுவதா, கடையில் வாங்குவதா? எந்தக் கூண்டு என்று நான் திருப்பிக் கேட்பேன். கரையில் வைத்து உயிரோடு பிடிக்கும் கூண்டு ஒன்று. தண்ணீருக்குள் முழுக்க மூழ்க வைத்து, உள்ளே வந்ததை அங்கேயே கொன்றுவிடும் கூண்டு இன்னொன்று. இதை ஆங்கிலத்தில் காலனி டிராப் என்பார்கள். முதலாவதை உட்கார்ந்து கட்டுவது வீண்வேலை. இரண்டாவதைக் காசு கொடுத்து வாங்குவதுதான் வீண்செலவு.

முதலில் உயிர்க்கூண்டு. நடுவில் ஒரு மிதிதட்டு, ஒரு பக்கமோ இரண்டு பக்கமோ கதவு, உள்ளே ஆப்பிள் அல்லது கேரட் துண்டு. மஸ்க்ரட் சம்பங்கோரைத் தண்டுகளைக் கொண்டுவந்து உட்கார்ந்து தின்னும் மேடையிலோ, சின்ன மிதவைப் பலகையிலோ வைத்தால் விழும். சந்தேகமே இல்லை. விழுந்த பிறகு அதை என்ன செய்வது என்பதுதான் சிக்கல். ஒன்ராறியோ விதிப்படி, பிடித்த காட்டு விலங்கை 24 மணி நேரத்துக்குள், பிடித்த இடத்திலிருந்து 1 கிலோமீட்டருக்குள் விட்டுவிட வேண்டும். நோய் பரவக்கூடாது, பழக்கமில்லாத இடத்தில் அது பட்டினி கிடந்து சாகக்கூடாது என்பதற்காக வந்த விதி, நியாயமானதும்கூட. ஆனால் குளமும் ஓடையுமாக இருக்கும் நிலத்தில் 1 கிலோமீட்டர் என்பது பெரும்பாலும் அதே ஓடையின் அடுத்த வளைவு. விட்டது திரும்பி வரும். திரும்பி வராவிட்டாலும், காலியான வளைக்கு வேறொன்று வரும். காரில் ஏற்றிக்கொண்டு இருபது மைல் தள்ளி விட்டுவந்தேன் என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். அது சட்டவிரோதம். மார்கழிக் குளிரில் வளையில்லாத ஒரு நீர்நிலையில் இறக்கிவிடுவதில் இரக்கம் எங்கே இருக்கிறது என்றும் எனக்குப் புரியவில்லை.

கட்டும் வேலையும் லேசானது இல்லை. மிதிதட்டில் ஒரு கிலோ எடை பட்டதும் கதவு விழ வேண்டும், விழுந்த கதவு தானே பூட்டிக்கொள்ள வேண்டும், காற்றுக்கும் அலைக்கும் மட்டும் விழக்கூடாது. இந்த நிதானத்தைக் கையால் கொண்டுவர நிறையத் திருத்த வேண்டியிருக்கும். உள்ளே மாட்டியதும் சும்மா இருக்காது. மஸ்க்ரட்டின் உதடு முன்பற்களுக்குப் பின்னால் மூடிக்கொள்ளும்; பல் எப்போதும் வெளியே. தண்ணீர் வாய்க்குள் போகாமல் நீருக்கடியில் தண்டு கடிப்பதற்கான அமைப்பு அது. அதே பல்லால் கோழி வலையை இழுத்து வளைத்துவிடும், பிளாஸ்டிக் கட்டுப்பட்டியை அறுத்துவிடும். ஆகவே உயிர்க்கூண்டு தேவைப்பட்டால் வாங்குங்கள், இன்னும் நல்லது இரவல் கேளுங்கள். கராஜுக்குள் வழி தவறி நுழைந்த ஒன்று, படகுத்துறைக்கு அடியில் குடியேறிய ஒன்று, பக்கத்து வீட்டுப் பூனை உலாவும் கொல்லை: இந்த மாதிரி இடங்களுக்கு அது போதும்.

இனி மூழ்கும் கூண்டு. பார்த்தால் ஒன்றுமே இல்லை: கம்பி வலையில் ஒரு நீளப் பெட்டி, இரண்டு முனையிலும் உள்பக்கமாகச் சாய்ந்த கதவு. ஸ்பிரிங் இல்லை, மிதிதட்டு இல்லை, இரையும் வேண்டாம். மஸ்க்ரட் தினமும் ஒரே வழியாகத்தான் வளைக்குப் போய் வரும். போய்ப் போய்க் குளத்தின் அடியில் சேறு விலகி, ஒரு சாண் அகலத்தில் சுத்தமான தடம் விழுந்திருக்கும். அந்தத் தடத்தில் கூண்டை வைத்தால், மூக்கால் கதவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும்; கதவு தன் எடையிலேயே கீழே விழும். திரும்பி வர முடியாது. பின்னால் வரும் அடுத்ததும் அப்படியே. ஒரே இரவில் ஒரே கூண்டில் மூன்று நான்கு விழுவது இதில் சாதாரணம். இதற்கு நிகரான வசதி வேறு எந்தப் பொறியிலும் இல்லை.

வீட்டில் கட்டுவதற்கு இது ஏன் ஏற்றது என்பது அளவைப் பார்த்தாலே தெரியும். வெல்டு மெஷ் 24 அங்குல அகலச் சுருளாகக் கிடைக்கும். கூண்டின் குறுக்கு அளவு 6-க்கு 6 அங்குலம். நான்கு பக்கமும் சேர்த்தால் 24. அதாவது சுருளின் அகலம் அப்படியே கூண்டின் சுற்றளவு. வேண்டிய நீளத்துக்கு வெட்டி, மூன்று மடிப்பு மடித்தால் குழாய் தயார். 25 அடிச் சுருளில் 30 அங்குலக் கூண்டு எட்டு நிம்மதியாக வரும். மிச்சமிருக்கும் 5 அடித் துண்டில் பதினாறு கதவும் வெட்டிக்கொள்ளலாம். தோராயமாகச் சொன்னால், அந்தச் சுருளின் விலைக்குக் கடையில் மூன்று நான்கு கூண்டுதான் கிடைக்கும். கடைக் கூண்டில் கூடுதலாக எந்தச் சூட்சுமமும் இல்லை.

மெஷ் தேர்வு செய்யும்போது 14 கேஜ் கேளுங்கள் (கேஜ் என்பது கம்பியின் தடிமன்; எண் ஏற ஏறக் கம்பி மெலியும்). 16 கேஜ் விலை குறைவு, மடிக்கவும் சுலபம். ஆனால் கரையில் யாராவது ஒருமுறை மிதித்தால் கூண்டு கோணிப்போகும், கோணினால் கதவு சிக்கும். கண்ணளவு 1-க்கு 1 அங்குலமோ 1-க்கு 2 அங்குலமோ இருக்கலாம். மரப்பெட்டியாகச் செய்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. மரம் மிதக்கும், கல் கட்டித் தாழ்த்த வேண்டும். ஊறி உப்பினால் கதவு அசையாது. பழைய ஆட்கள் அடுப்புப் புகைக்குழாயின் தகரத்தில்கூடச் செய்திருக்கிறார்கள். கம்பி வலையில் தண்ணீர் தங்குதடையில்லாமல் ஓடுவதால் வெள்ளம் வந்தாலும் கூண்டு இடம் பெயர்வது குறைவு. எனக்கு மெஷ்தான்.

நீளத்தில் கஞ்சத்தனம் செய்ய வேண்டாம். கதவு சாய்ந்து நிற்பதால் ஒவ்வொரு முனையிலும் சுமார் ஆறரை அங்குலம் அதற்கே போய்விடும். 24 அங்குலக் கூண்டில் நடுவில் மிஞ்சுவது ஓரடிக்கும் குறைவு. மஸ்க்ரட்டின் உடல் மட்டுமே, வாலை விட்டுவிட்டால், ஓரடிக்குப் பக்கம். முதல் ஆள் உள்ளே போனதும் இரண்டாவதுக்கு இடமில்லை. காலனி டிராப் வைப்பதன் பலனே போச்சு. 30 அங்குலத்தில் நடுவிடம் பதினேழு, 36 அங்குலத்தில் இருபத்துமூன்று. சில மாநிலங்களில் நீளம், அகலம், உயரம் மூன்றுக்கும் உச்சவரம்பு உண்டு, சில இடங்களில் இந்த வகையே கூடாது. மெஷ்ஷை வெட்டுவதற்கு முன் உங்கள் மாகாணத்தின் இந்த ஆண்டு விதிப் புத்தகத்தைப் பார்த்துவிடுங்கள். பெயர்த்தகடு கட்ட வேண்டும் என்று சொல்லும் இடங்களும் நிறைய.

கூண்டின் உயிர் கதவில் இருக்கிறது. உயரம் 6 அங்குலம் என்றால் கதவின் நீளம் 8 அங்குலம் வேண்டும். அப்போதுதான் கூரையில் தொங்கும் கதவின் கீழ் விளிம்பு, உள்பக்கமாகச் சாய்ந்து தரையில் ஊன்றி நிற்கும். உள்ளிருந்து தள்ளினால் இன்னும் இறுகும். கூண்டின் உயரத்துக்கே வெட்டிய கதவு நேராகத் தொங்கும், இரண்டு பக்கமும் ஆடும், வந்த வழியே போய்விடும். அகலம் 5 அங்குலம். இரண்டு பக்கமும் அரை அரை அங்குலம் இடைவெளி. இதைவிட நெருக்கினால் பாசியும் மணலும் சேர்ந்து சிக்கும். இதைவிடத் தளர்த்தினால் ஓரத்தில் மூக்கை நுழைத்துப் பார்க்கும்.

மெஷ்ஷை வெட்டும்போது ஒரு விளிம்பில் முழுக்கம்பியும், எதிர் விளிம்பில் முள் முள்ளாகத் துண்டுகளும் நிற்கும். அந்த முட்களைக் கதவின் மேல்பக்கம் வரும்படி திருப்பிக்கொண்டு, கூரையின் குறுக்குக் கம்பியில் தளர்வாகச் சுற்றிவிட்டால் அதுவே கீல். பக்கவாட்டில் உள்ளதை ஒட்ட வெட்டிவிட வேண்டும். கீழ் விளிம்பில் ஒரு முள் தங்கினாலும் அது தரைவலையின் கண்ணில் போய்க் கொக்கி மாதிரி மாட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து வரும் மஸ்க்ரட் ஒருமுறை முட்டிப் பார்த்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போய்விடும். மடிப்பதற்கு ஒரு கனமான கட்டையின் விளிம்பில் மெஷ்ஷை வைத்து, மேலே இன்னொரு கட்டையால் அழுத்தி, சுத்தியலால் ஓரமாகத் தட்டிக்கொண்டே போனால் நேர்க்கோணம் வரும். வெறும் கையால் மடித்தால் உருண்டை விழும். மூட்டுக்கு மூன்று நான்கு அங்குலத்துக்கு ஒன்றாக ஹாக் ரிங், அதாவது பிளையரால் நெருக்கி மூடும் கம்பி வளையம். கட்டுக்கம்பியும் பரவாயில்லை, நுனி உள்ளே நீட்டாமல் பார்த்துக்கொண்டால். முடிந்ததும் கூண்டைத் தரையில் வைத்து, இரண்டு கதவையும் விரலால் தூக்கி விட்டுப் பாருங்கள். சத்தமில்லாமல் தானே விழுந்தால் சரி.

இந்தக் கூண்டு புவியீர்ப்பில் வேலை செய்கிறது. பக்கவாட்டில் புரண்டுவிட்டால் கதவு மூடாது, காலையில் வெறும் பெட்டிதான். கூரைப்பக்கத்தில் ஒரு சிவப்புத் துணியோ டேப்போ கட்டி வைத்தால் கலங்கல் நீரிலும் எது மேல், எது கீழ் என்று தெரியும். வாயை வளையின் வாசலுக்கு நேராக ஒட்டி வைத்து, பக்கங்களில் இடைவெளி இருந்தால் குச்சி நட்டு அடைக்க வேண்டும். அப்புறம் ஒரு முளை அடித்து, கம்பியால் கட்டிவிட வேண்டும்.

கூண்டு முழுவதும், கூரை உட்பட, தண்ணீருக்குள் இருக்க வேண்டும். ஒரு விரல் உயரம் காற்று கிடைத்தால்கூட, அந்தப் பிராணி இரவு முழுக்க அங்கே மூக்கை வைத்துத் தவிக்கும். நீர்மட்டம் ஏறி இறங்கும் ஓடைகளில், மேலே பீவர் என்ற பிராணி கட்டிய அணை இருக்கும் இடங்களில், இது எளிதாக நடந்துவிடும். அங்கே இந்தப் பொறியே வேண்டாம் என்பேன். வேறு எங்கே வைத்தாலும் தினமும் காலையில் போய்ப் பாருங்கள்.

மூழ்கடித்துக் கொல்வதே சரியா என்ற கேள்வியும் இருக்கிறது. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் நீரில் மூழ்கடிப்பதைக் கருணைக்கொலை முறையாக ஏற்பதில்லை. மஸ்க்ரட் நீருக்கடியில் கால் மணி நேரம்வரை மூச்சை அடக்கக்கூடியது. கூண்டுக்குள் பதறித் திமிறும்போது அவ்வளவு நேரம் தாங்காது என்றாலும், அது நொடியில் வரும் சாவு இல்லை. இது மனதை உறுத்தினால் கோனிபேர் 110 என்ற பொறியின் பக்கம் போங்கள்.

1950களின் இறுதியில் சந்தைக்கு வந்த பொறி இது. காட்டில் பொறி வைத்தே வாழ்ந்த பிராங்க் கோனிபேர் என்ற கனடாக்காரர் உருவாக்கியது. நாலரை அங்குலச் சதுரச் சட்டம் இரண்டு, ஒரு ஸ்பிரிங். நீந்தி நடுவே நுழையும்போது கழுத்திலோ மார்பிலோ அடித்து மூடிக்கொள்ளும். காலைப் பிடிக்கும் பழைய இரும்புப் பொறியின் கொடுமையைக் கண்டு மனம் வெறுத்துத்தான் அவர் இதற்காகப் பல ஆண்டுகள் உழைத்தார். 1997-இல் ஐரோப்பிய ஒன்றியம், கனடா, ரஷ்யா செய்துகொண்ட மனிதநேயப் பொறி ஒப்பந்தத்தில் மஸ்க்ரட்டும் இருக்கிறது. அதனால் கனடாவில் இந்த வகைப் பொறிகள் சோதித்துச் சான்று பெற்றவையாக இருக்க வேண்டும். வீட்டில் செய்ய நினைக்கவே வேண்டாம். ஸ்பிரிங்கின் விசை கொஞ்சம் குறைந்தாலும் கொல்லாமல் நசுக்கும்.

110-இன் பெரிய வசதி சுமை. பன்னிரண்டை ஒரு கையில் தூக்கிக்கொண்டு சேற்றில் நடக்கலாம். பன்னிரண்டு காலனிக் கூண்டு ஒரு சிறிய படகையே அடைத்துக்கொள்ளும், ஒன்றுக்குள் ஒன்று அடங்கவும் அடங்காது. ஆனால் 110-இல் ஒரு பொறிக்கு ஒன்றுதான். ஐந்து வளை உள்ள கரையில் ஒரு குடும்பத்தையே குறைக்க வேண்டும் என்றால், பத்துப் பொறி வைத்தாலும் மறுநாள் மறுபடி வைக்க வேண்டும். இரண்டு மூன்றுதான் இருக்கின்றன, நடந்து போகும் தூரம் அதிகம் என்றால் 110. கரைக்கே வண்டி வரும், கூட்டம் பெரிது என்றால் கூண்டு. நான் இரண்டையும் கலந்து வைப்பேன்: வளை வாசலில் கூண்டு, கோரைக்கு நடுவே போகும் குறுகிய தடங்களில் 110.

எதை வைத்தாலும் தேவையில்லாதது விழும். பிரிட்டனில் 1920களில் தோலுக்காகக் கொண்டுவந்த மஸ்க்ரட் தப்பிப் பெருகியபோது, 1932-இல் தனிச் சட்டம் போட்டு, சில ஆண்டுகளில் நாட்டை விட்டே ஒழித்தார்கள். அப்போது ஸ்காட்லாந்தில் வைத்த கால்பொறிகளில் மஸ்க்ரட்டைவிட நீர்க்கோழிகள் அதிகமாகச் செத்தன. மூழ்கும் கூண்டில் பறவை விழுவது அபூர்வம், ஆனால் மீனும், கீரி மாதிரி இருக்கும் மிங்க்கும், ஆமையும் விழும். ஆமைதான் பெரிய கவலை. கனடாவில் எஞ்சியிருக்கும் நன்னீர் ஆமைகள் ஏறக்குறைய எல்லாமே அருகிவரும் பட்டியலில் இருப்பவை, மூழ்கும் கூண்டில் அவையும் மூச்சு முட்டிச் சாகும். ஆகவே கோடையில் இந்தக் கூண்டை வைக்கவே கூடாது. குளிர் இறங்கி ஆமைகள் சேற்றுக்குள் அடங்கிய பிறகு, அதாவது நவம்பர் பிறந்ததும், குளம் உறைவதற்கு முன் ஒரு சில வாரங்கள் கிடைக்கும். அதுதான் வேலை செய்ய நல்ல நேரம். அப்போது தடங்களும் தெளிவாகத் தெரியும்.

சட்டம் இதில் இரண்டு வழி வைத்திருக்கிறது. தோலுக்காகப் பிடிப்பதென்றால் பருவம், உரிமம், பயிற்சி வகுப்பு எல்லாம் உண்டு. சொத்துக்குச் சேதம் என்றால் ஒன்ராறியோவின் 1997 வனவிலங்குச் சட்டம் நில உரிமையாளர் பிடிக்கவோ கொல்லவோ இடம் தருகிறது, தேவையில்லாத வேதனை தரக்கூடாது என்ற நிபந்தனையோடு. தோல் விற்றுச் செலவை ஈடுகட்டலாம் என்ற கணக்கு இப்போது பலிக்காது. 2013 வாக்கில் ஒரு தோல் பத்து டாலர் அளவுக்குப் போனது. பிறகு சந்தை சரிந்து, ரொறன்ரோவில் இருந்த பெரிய ஏல நிறுவனமே 2019-இல் கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. இறைச்சி தின்பவர்கள் உண்டு. எல்லைக்கு அந்தப்பக்கம் மிச்சிகனின் தென்கிழக்கு மூலையில் கத்தோலிக்கர்கள் தவக்காலத்தில் மஸ்க்ரட் விருந்தே வைக்கிறார்கள். தின்பதோ இல்லையோ, வெறும் கையால் தொட வேண்டாம். துலரீமியா என்ற காய்ச்சல் இதிலிருந்து தொற்றும். ரப்பர் கையுறை போதும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, பலருக்கு நான் சொல்லும் யோசனை கூண்டே இல்லை. குளத்துக்கு ஓடையோ சதுப்போ பக்கத்தில் இருந்தால், பிடிக்கப் பிடிக்கப் புதிது வரும். நெதர்லாந்தில் 1941-இல் முதல் மஸ்க்ரட் வந்தது; இன்றும் நீர் வாரியங்கள் சம்பள ஆட்களை வைத்துப் பிடித்துக்கொண்டே இருக்கின்றன. கடலுக்குத் தாழ்ந்த நாடு, அணை உடைந்தால் ஊரே போகும். அவர்களுக்கு வேறு வழி இல்லை. அரை ஏக்கர் குளத்துக்கு அந்தப் போராட்டம் வேண்டியதில்லை. அதே வெல்டு மெஷ்ஷைக் கூண்டாக மடிக்காமல், கரையின் உள்சரிவில் பாய் மாதிரி விரித்து, நீர்மட்டத்துக்கு ஓரடி மேலிருந்து மூன்றடி கீழ்வரை வருமாறு முளையடித்துப் பொருத்தி, மேலே கொஞ்சம் கல் பரப்பினால் தோண்ட முடியாது. பழைய வளைகளுக்குள் ஆள் இல்லை என்று உறுதியானதும் களிமண் இட்டு இறுக்கிவிட்டு இதைச் செய்ய வேண்டும். குளம் முழுக்க வேண்டாம். தண்ணீரைத் தாங்கி நிற்கும் அணைப்பகுதிக்கு மட்டும் போட்டால் போதும். மற்றக் கரைகளில் அது தோண்டிக்கொண்டு போகட்டும்.

ஆக, அணைப்பகுதி முப்பது நாற்பது அடிதான் என்றால் முதல் சுருளை அங்கே செலவழியுங்கள். ஏற்கெனவே உள்ளே குடும்பம் குடும்பமாக இருந்தால், மெஷ் விரிப்பதற்கு முன் அந்த நவம்பரில் நான்கு கூண்டு கட்டி வையுங்கள். எட்டு வேண்டாம், நான்கு போதும். அக்டோபர் முடிந்தும் ஒன்றும் கட்டவில்லை என்றால், அவசர அவசரமாக மடித்துக் கோணல் கதவோடு இறக்குவதைவிட இந்த ஆண்டுக்கு ஆறு 110 வாங்கிக்கொள்வது மேல்.